மஞ்சள் பட்ட சோறு

ஜூன் 4, புதன்

ரெமிக்காவுக்கு ஒன்று. எனக்கு இரண்டு.

அரிசியை ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும். ஆறாவது தண்ணீரிலேயே தெளிந்துவிட்டது என்று இன்று நிறுத்திவிட்டேன். தைஷோ பாத்திரத்தை எட்டிப் பார்க்கவே இல்லை, தண்ணீர் கொட்டும் சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்து கழுத்தில் ஒன்று வைத்தார். குனிந்ததும் முதுகில் ஒன்று.

தைஷோ என்பது அவர் பெயரில்லை. சூஷிக் கடையின் தலைமைச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். சொந்தப் பெயர் கோதண்டபாணி, ஊர் மன்னார்குடிப் பக்கம். ஒசாகாவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். அவர் கை ஓங்கினால் நாம் நகரக்கூடாது. முகத்தை நிமிர்த்திக் கொடுத்து "ஹாய்" என்று சொல்ல வேண்டும், அதற்குச் 'சரி' என்று அர்த்தம். முகத்தைத் திருப்பினால் ஒன்று இரண்டாகும். ஒசாகாவில் அவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டாராம்.

கடை நுங்கம்பாக்கத்தில் நாலாவது மாடி. முன்பக்கம் ஒரே மரத்தில் இழைத்த நீள மேடை, எட்டு நாற்காலி. சாப்பிட வருகிறவர்களின் கண்முன்னே தைஷோ மீனை வெட்டிச் சோற்றின் மேல் வைத்துக் கொடுப்பார். நீலத் திரைக்குப் பின்னால் நாங்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை.

இங்கே யாரும் பேசக்கூடாது என்பது விதி. அந்த விதிக்காகவே எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

இன்று மூன்று கொடுவா. தொட்டியிலிருந்து உயிரோடு எடுத்து, ஈரத்துணியால் கண்ணை மூடி, கண்ணுக்கு மேலே உள்ள பள்ளத்தில் கூரான கம்பியை ஒரே குத்து. மீன் ஒருமுறை விறைக்கும், வாய் திறக்கும், பிறகு உடம்பு தளரும். அதன் பிறகு செவுளை அறுத்து ரத்தம் வடிய விட வேண்டும். துடிக்க விட்டால் சதை கெட்டுப்போகும். தைஷோ செய்தால் இரண்டு மூன்று குத்து ஆகிறது. எனக்கு ஒன்றுதான். அதனால் இப்போது நான்தான் குத்துகிறேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் அவர் குத்தியதாகச் சொல்லிக்கொள்கிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

காசிமேட்டில் அம்மா மீன் விற்கிறாள். என்னை உட்கார வைத்தால் வாயைத் திறக்க மாட்டேன், வருகிறவர்கள் அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்லி டீச்சர் தினமும் அடித்தார். அடித்தால் இன்னும் வராது. பாதியில் நின்றுவிட்டேன். வாய் இல்லாதவளுக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று அம்மா கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

ரெமி அக்காவை ரெமிக்கா என்றுதான் கூப்பிடுவேன். மிசோரம்காரர், ஊர் சம்பாய். ஜப்பானிய முகம் மாதிரி இருக்கிறது என்று எடுத்திருக்கிறார்கள். காலையில் என்னோடு பின்னால் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கிமோனோ கட்டி முன்னால் நிற்க வேண்டும்.

"கஸ்டமர் கேக்கும், விச் சிட்டி? நான் தலை மட்டும் குனியணும். மேடம் சொல்லிருக்கு" என்றார்.

"பேசினா என்னாகும்?"

"சம்பாய் சொன்னா மீன் டேஸ்ட் போயிடும்" என்று சிரித்தார். உடனே திரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கடையில் அவரோடு மட்டும்தான் நான் பேசுவேன். அதுவும் காதுக்குள்.

ஜூன் 9, திங்கள்

ரெமிக்காவுக்கு மூன்று. எனக்கு இல்லை.

ஜூன் 12, வியாழன்

செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு செதில் பறந்து போய் தைஷோவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கத்தியின் பின்பக்கத்தால் என் மணிக்கட்டில் போட்டார். கை வழுக்கி, சுரண்டி என் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் மீனில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மட்டும் "பரவாயில்ல, புத்தி இருக்கு" என்றார்.

வீட்டில் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? மீனு அறுக்கச் சொன்னா கைய அறுத்துக்கினு வந்துகீற?"

"சுரண்டி வழுக்கிடுச்சு."

"கண்ணு எங்க இருந்துச்சி? எவனயாச்சும் பாத்துக்கினு இருந்தியா? காட்டு இங்க."

மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து வைத்து அழுத்தினாள். நாளைக்கும் போடு என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். எனக்கு எது வந்தாலும் அம்மாவுக்கு மஞ்சள்தான் மருந்து. கடையில் பிளாஸ்டர் தருவார்கள், தண்ணீர் பட்டால் அரை மணியில் உரிந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம் ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரிகள் எட்டு பேர், எல்லோரும் ஜப்பானியர்கள். தைஷோ காலையிலிருந்து யாரையும் அடிக்கவில்லை. அவர் அடிக்காத காலை எனக்குப் பயமாக இருக்கும்.

சாதம் வெந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, வினிகர் ஊற்றி, துடுப்பு போன்ற மரக்கரண்டியால் கிளறி, விசிற வேண்டும். அதெல்லாம் ரெமிக்கா செய்தார். கிமோனோ கட்ட அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சோறு காய்ந்துவிடாமல் அதன் மேல் ஈரமான வெள்ளைத் துணியைப் போர்த்தி, உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்திவிட வேண்டும். அதுவும் முடிந்தது. தைஷோ அவசரத்தில் தொட்டியைக் குனிந்து பார்க்காமலே முன்னால் கொண்டு போனார்.

நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு பேர் முன்னால் துணியை விலக்கினார். வெள்ளைச் சோற்றின் மேல் ஒரு கை அளவுக்கு மஞ்சள். விரல்கூடத் தெரிந்தது. தைஷோ முகம் மாறவில்லை. துணியை மறுபடி மூடினார். அவர்களிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடே தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரைக்குள் வந்தார். உள்ளே வந்த பிறகும் சிரிப்பு போகவில்லை.

"யாரு?" என்றார் மெதுவாக.

ரெமிக்கா கிமோனோ கட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே திரும்பியிருந்தார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். நான் பாத்திரம் துடைக்கும் துணிக்குள் கையை வைத்திருந்தேன். துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சோறு யாரு வேலை?"

"நான்" என்றார் ரெமிக்கா. சோறு அவர் வேலைதான்.

"கைய நீட்டு."

நீட்டினார். அதில் ஒன்றும் இல்லை. தைஷோ அந்தக் கையைப் பிடித்தார், வலது கை. இன்னொரு அடுப்பில் அடுத்த பானை அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கி, ஆவி வரும் வாயில் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினார். இச்சி. நி. சான். பத்து வரை ஜப்பானிய எண்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் அடித்துத்தான் தெரியும். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று ரெமிக்காவின் வாயை இன்னொரு கையால் பொத்தியிருந்தார். ஐந்தில் ரெமிக்காவின் கால் மடிந்தது. ஏழில் கை வழுக்கிக் கொதிக்கும் தண்ணீருக்குள் போனது. தைஷோ எடுக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து.

பிறகு தன் கையைக் கழுவிக்கொண்டு, அந்தப் பானையையும் கொட்டிவிட்டு, வேறு அரிசி வைக்கச் சொன்னார்.

நான் அரிசி கழுவினேன். ஏழு தண்ணீர்.

மஞ்சள் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ரெமிக்கா வரவில்லை. கீழ்ப்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். தோல் கையுறை மாதிரிக் கழன்றுவிட்டது என்று முன்பக்கம் மேடை துடைப்பவர் சொன்னார்.

பொட்டலத்தைக் கடைக்கு வரும் வழியில் கூவத்தில் போட்டுவிட்டேன். சும்மாதான். காயம் ஆறிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

முதலாளி மேடம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். பெயர் வசுந்தரா. அடிக்கிறவர் இல்லை, குரலைக்கூட உயர்த்த மாட்டார். எனக்கு ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார்.

"உக்காரும்மா. உன் பேர் தேசராணிதானே? அழகான பேர். பாரும்மா, ரெமி ஆஸ்பிட்டல்ல போலீஸ் கிட்ட என்னமோ சொல்லியிருக்கா. வலியில சொல்றா, பாவம். அவளே பானைக்குள்ள எட்டிப் பாக்கும்போது கை வழுக்கிடுச்சு, அவ்ளோதான். நீ பக்கத்துல இருந்தே இல்ல?"

நான் தலையாட்டினேன்.

"நீ ஒருத்திதான் சாட்சி. நீ அதையே எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. அவ வைத்தியத்த நான் பாத்துக்கறேன்."

நான் தாளைப் பார்த்தேன். தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

"இன்னொண்ணும்மா. அந்த மஞ்சள் யார் கையிலன்னு நான் கேக்கவே இல்ல பாரு. கேக்கவும் மாட்டேன்" என்று சிரித்தார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டேன். ஜூஸ் நன்றாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கடை விடுமுறை. துணி துவைத்தேன். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

ரெமிக்காவிடமிருந்து ஆறு முறை போன் வந்தது. வீட்டில் சிக்னல் சரியில்லை.

ஜூன் 19, வியாழன்

ரெமிக்கா செய்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். இனி சோறு என் பொறுப்பு. பாத்திரம் கழுவப் புதிதாகப் பத்மாக்கா என்று ஒருவர் வந்திருக்கிறார். அம்மா வயது இருக்கும். காலில் வெரிகோஸ், நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கும், நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி வைப்பார். "இன்னாம்மா, இங்க யாருமே பேச மாட்டாங்களா? எழவு வூடு மாதிரி கீது" என்று கேட்டார். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

இன்று கொடுவாவை ஒரே குத்தில் கொல்ல முடியவில்லை. கம்பி எலும்பில் பட்டது. மறுபடி குத்தினேன். அது துணிக்கு அடியில் வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுபடியும் குத்தினேன். எத்தனை என்று தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் கண் இல்லை. தைஷோ வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, முறுக்குப் புழியிறியா?" என்று கன்னத்தில் ஒன்று விட்டார். ஹாய் என்றேன். அந்த மீனைக் குப்பையில் போடச் சொன்னார்.

போன் இன்று இரண்டு முறை.

ஜூன் 21, சனி

நான் அடித்தேன்.

சோறு கிளறிக்கொண்டிருந்தேன். மரத்தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவக்கூடாது, மரம் சோப்பைக் குடித்துவிடும். பத்மாக்காவிடம் இரண்டு முறை செய்து காட்டியிருந்தேன். இன்று பார்த்தால் இரண்டாவது தொட்டி முழுக்க நுரை. தைஷோ முன்னால் இருந்தார், எந்த நேரமும் திரைக்குள் வரலாம். என் கையில் மரக்கரண்டி இருந்தது. அதன் விளிம்பால் பத்மாக்காவின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. சூடான சோறு அவர் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என் அம்மா வயது. வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, ஆனால் அதற்குள் கற்றுக்கொண்டிருக்கிறார். முகத்தை நிமிர்த்தி, "ஹாய்" என்றார். என்னிடம்.

திரையை விலக்கித் தைஷோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், நல்ல மீனைப் பார்த்தால் ஆட்டுவது போல.

பத்மாக்காவின் மணிக்கட்டு சாயங்காலம் வீங்கிவிட்டது. "பரவால்லம்மா, நீ சின்னப் பொண்ணு, உனுக்கு இன்னா பயமோ" என்றார்.

மஞ்சள் என் கையில் இருந்தது. பிளாஸ்டர் உரிந்துவிட்டது, எரிந்தது, அம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அந்தக் கையால்தான் ஈரத்துணியை அழுத்தினேன். துணி வழியாக இறங்கும் என்று நினைக்கவில்லை. இறங்கிவிட்டது. தைஷோ "யாரு" என்று கேட்டபோது என் இடது கை பாத்திரம் துடைக்கும் துணிக்குள் இருந்தது, துடைக்கவில்லை, ஒளித்து வைத்திருந்தேன்.

இதை எழுத எட்டு நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

வேலை முடிந்ததும் சூளைமேட்டுக்குப் போனேன். ரெமிக்கா அங்கே ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர்கள் ஏதோ பேசினார்கள், பிறகு வெளியே போய்விட்டார்கள். அக்கா பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. விரல்கள் இரண்டு ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரிக்க மறுபடி வெட்ட வேண்டுமாம்.

"போன் எடுக்கலை" என்றார்.

"ஆமா."

"பேப்பர் சைன் பண்ணது நீ. போலீஸ் காட்டுச்சு. அதுல நானே கை போட்டேன் இருக்கு."

"ஆமா."

"செவ்வாய் அந்த மேடம், அவன், எல்லாம் ஸ்டேஷன் வரும். சாட்சி இல்லேன்னா கேஸ் க்ளோஸ். எனக்கு வேற யாரும் இல்லை. உள்ள நாம மூணு பேர்தான்."

மஞ்சளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "நான் வரேன்" என்பது மட்டும் வந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார், நம்பாதவர் மாதிரி.

"நீங்க சொல்லுங்க."

"பத்து."

ஜூன் 23, திங்கள்

வேலைக்குப் போனேன். எனக்கு ஒன்று, பத்மாக்காவுக்கு இரண்டு. நாளை எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அழுவாள். போய்விடும்தான்.

ஜூன் 24, செவ்வாய்

சப் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. மேசையில் நான் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. ஒரு பக்கம் மேடமும் தைஷோவும் நாற்காலியில். இந்தப் பக்கம் ரெமிக்காவும் நானும் நின்றோம். வெள்ளைச் சட்டை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில் தைஷோ குள்ளமாகத் தெரிந்தார்.

"அன்னிக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தே. இன்னிக்கு வேற சொல்லணும்னு வந்திருக்கே. விளையாட்டா இருக்கா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா. தலையாட்டறத எல்லாம் நான் எழுத முடியாது."

"எழுதித் தரவா?" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"எழுதினதுதான் இங்க இருக்கே. வாயால சொல்லு."

"சின்னப் பொண்ணு மேடம், யாரோ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நல்லா வேலை செய்யற பொண்ணு" என்றார் வசுந்தரா மேடம். என்னைப் பார்த்து அதே சிரிப்பு.

டீச்சர் படிக்கச் சொல்லும்போது தொண்டையில் ஒன்று வந்து அடைக்குமே, அதுதான் வந்தது. அது இறங்கும் வரை காத்திருக்கலாம் என்று எப்போதும் நினைப்பேன், அது இறங்கினதே இல்லை. அதனால் அது இருக்கும்போதே பேசினேன். சத்தம் கிறீச்சென்று வந்தது.

"அவங்க கை வழுக்கல. இவர்தான் புடிச்சு வெச்சாரு. வாயப் பொத்திக்கிட்டு பத்து எண்ணினாரு. ஏழுல தண்ணிக்குள்ள போச்சு. அப்பவும் எடுக்கல." மூச்சு வாங்கியது. "சோத்துல மஞ்சள் பட்டது என் கை. ரெமிக்கா இல்ல. நான் ஒளிச்சு வெச்சிருந்தேன். இன்னொருத்தர நானும் அடிச்சேன், சனிக்கிழம. அதையும் எழுதிக்கங்க."

"நன்றி கெட்ட நாயே" என்று தைஷோ எழுந்தார். கை மேலே போனது. யோசித்துச் செய்யவில்லை, நாங்கள் பேசினாலே போகும் கை அது.

நாங்களும் யோசித்துச் செய்யவில்லை. ரெமிக்காவும் நானும் ஒரே நேரத்தில் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தோம்.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தைஷோவின் கையைப் பார்த்தார், எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"யோவ். கையக் கீழ போடுய்யா." பிறகு எங்களிடம், வேறு குரலில்: "நீங்க ரெண்டு பேரும் ஏம்மா மூஞ்சியக் காட்டறீங்க?"

வசுந்தரா மேடம் கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போது இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் பழைய தாளைப் புரட்டி ஓரமாக வைத்தார். புதுத் தாள் எடுத்து, "முதல்லேர்ந்து சொல்லு. மெதுவா" என்றார். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தைஷோவை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். எங்களைப் போகச் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ரெமிக்கா நின்றார். வெயில் கொளுத்தியது.

"மஞ்சள் எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"துணில ஓரம் தெரிஞ்சுது. உன் விரல். நான் பாத்தேன்."

"அப்ப ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லும்னு பாத்தேன்." அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் எண்ணறான். ஒண்ணு, நான் உன்ன பாத்தேன். ரெண்டு, பாத்தேன். பத்து வரைக்கும் உன்னத்தான் பாத்தேன். நீ தரையப் பாத்தே."

பிறகு இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். பழகாத கை, பாதி காதில் விழுந்தது. ஆனாலும் பலமாகத்தான் விழுந்தது. வாயிலில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதுக்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

"வலிக்கட்டும்" என்றார்.